கப்பலூரில் உதவிய பெரியவருக்கு நன்றி

எங்கள் மார்க் 4 அம்பாசிடர் காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைச் செப்பனிட்டுத் தந்து, பெயரைக்கூடச் சொல்ல மறுத்துவிட்ட பெரியவருக்கு இப்பதிவின் வழியே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

சித்திரை வெயிலில் கப்பலூர் அருகே நீராவி கக்கி நின்ற வண்டியைக் கண்டு தாமாகவே வந்தவர், சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியில் எவரையும் கைவைக்க விடவில்லை. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர், மூடி திறந்த கணமே முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

புதிதாக அலுமினிய ரேடியேட்டர் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று முன்பே ஒரு பணிமனையில் கூறியிருந்தனர். பெரியவரோ, பித்தளைக் குழாய்களும் செம்புத் தகடுகளும் கொண்ட பழையதே பழுதுபார்க்க ஏற்றது என்று சொல்லி, தம் பட்டறையில் மேல் தொட்டியின் ஈயப்பற்றைச் சூடேற்றிப் பிரித்து, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்து அடைத்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். எங்கள் ஊர்க் கண்மாயைக்கூட எவரும் இவ்வளவு பொறுமையாகத் தூர்வாரியதில்லை. மீண்டும் பற்றவைத்து, தண்ணீரில் அமிழ்த்திக் காற்றை ஏற்றி, ஒரு குமிழியும் எழவில்லை என்பதைக் காட்டிய பின்னரே வண்டியில் பொருத்தினார். இற்றுப்போன ஹோஸ்களை மாற்றியதோடு, இனிக் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், காய்ச்சி வடித்த நீரையும் கூலண்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்தையும் சமமாகக் கலந்து ஊற்றும்படி அறிவுறுத்தினார்.

கூலிக்கு மேல் கொடுத்த பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஐயா, வண்டி இப்போது ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்திலும் சூடேறுவதில்லை. தங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.