காலை 9 மணியைக் கணக்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எல்லாச் செயலிகளுக்கும் ஒரே நுழைவு என்ற ஏற்பாட்டைச் செய்யும் நிறுவனங்கள், சர்வரின் அளவை ஊழியர்களின் தலைக்கணக்கை வைத்தே முடிவு செய்கின்றன; காலை 9 மணி நெரிசலை மறந்துவிடுகின்றன. இந்த ஒரே நுழைவை நடத்தும் கீகிளோக் (Keycloak) மென்பொருளின் வழிகாட்டி, நொடிக்கு 15 கடவுச்சொல் நுழைவுகளுக்கு ஒரு மெய்நிகர் சிபியு (சர்வரின் கணிப்புத் திறனில் ஒரு பங்கு) ஒதுக்கி, அதற்கு மேல் 150 சதவீதம் கூடுதலாகவும் வைக்கச் சொல்கிறது. 9,000 பேர் ஐந்து நிமிடத்தில் நுழைந்தால் நொடிக்கு 30. அதற்கு 2 சிபியு, கூடுதலாக 3; ஆக, வேண்டியவை 2 அல்ல, 5. எங்கள் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை இரு சர்வர்களில் ஒன்று படுத்துவிட, மற்றது சுமை தாங்காமல் திணறியதில், வருகைப்பதிவுத் திரை முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது (அன்று அனைவருக்கும் தாமத வருகைதான்). எந்த ஒரு சர்வரும் தனித்து முழுச்சுமையையும் தாங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுத வேண்டும்.

— ஒரு வாசகர், சென்னை