நால்வரின் பெயரையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் நவராத்திரி ஊர்வலம் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். முன்னால் உடைவாள், யானை மேல் சரஸ்வதி, பல்லக்குகளில் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு என எல்லாம் இருந்தது. நவராத்திரி மண்டபத்தில் பாடும், திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாளின் ஒன்பது கிருதிகளும், சங்கராபரணம் ராகத்து 'தேவி ஜகஜ்ஜனனி' முதல் ஆரபி 'பாஹி பர்வத நந்தினி' வரை, வந்துவிட்டன. அந்த மன்னரின் அவையில் இருந்த இசைக் கலைஞர் வடிவேலுவின் பெயர்தான் இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

'தஞ்சை நால்வர்' என்று சொல்லப்படும் சகோதரர்கள், தஞ்சை சுப்பராயனின் மக்கள் சின்னையா (பிறப்பு 1802), பொன்னையா (1804), சிவானந்தம் (1808), வடிவேலு (1810). நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்கள். கடைக்குட்டி வடிவேலு திருவிதாங்கூர் அரசவைக்கு வந்தார். 1813-இல் பிறந்த மன்னருக்கும் அவருக்கும் மூன்றே வயது வித்தியாசம். 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். வெள்ளைக்காரர்களோடு வந்த பிடில் நம் கச்சேரி மேடையில் நிலைத்ததென்றால், பாலுசாமி தீட்சிதரோடு வடிவேலுவுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஸ்வாதியின் பாடல்களில் இவர் கை எவ்வளவு என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை. பெயரையாவது சொல்லலாமே என்பதுதான் என் ஆதங்கம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நம் குமரி மாவட்டமும் திருவனந்தபுரத்தோடு இருந்ததுதானே!

எங்கள் பக்கத்துப் பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். ஒளியமைப்பு, ஒப்பனை, வீடியோ வரை ஆள் பெயர் இருக்கும். வர்ணம் என்கிற ஆடல் உருப்படிக்கு நேரே ராகமும் தாளமும் இருக்கும். இயற்றியவர் என்ற இடத்தில் 'தஞ்சை நால்வர்' என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். சிலவற்றில் அதுவும் இருக்காது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று பிள்ளைகள் ஆடுகிற வரிசையை வகுத்துத் தந்தவர்களுக்கு இந்தக் கதி! நால்வரும் ஒரே இடத்தில் இருந்தவர்களும் அல்லர். சின்னையா மைசூர் அரசவைக்குப் போனார். சிவானந்தம் தஞ்சையிலேயே இருந்தார். மாயாமாளவகௌளை 'மாயாதீத ஸ்வரூபிணி', நீலாம்பரி 'அம்பா நீலாம்பரி' இரண்டும் பொன்னையாவுடையவை. இன்னாருடையது என்று தெரிந்த உருப்படிக்காவது அவரவர் பெயரைப் போட வேண்டும். நடன ஆசிரியர்கள் மனது வைத்தால் அடுத்த அழைப்பிதழிலேயே இது நடக்கும்.

வரும் நவராத்திரிச் சிறப்பிதழில் வடிவேலுவுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள் ஐயா. நடனம் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தக்கலை.