பதினோரு கோடுகளும் வந்துவிட்டன

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆய்வகத்தின் ஃப்ரீசர் நின்றுபோன அந்த இரவைப் பற்றி மறுபடி சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேர் விடியும்வரை போனில் இருந்தீர்கள். அதில் உறைய வைத்திருந்த, கழிச்சல் கண்ட கன்றுகள், பன்றிக்குட்டிகளின் மாதிரிகள் பிழைத்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நேற்று மாலை, வைரஸின் மரபுப் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல் சோதனையை முதல் தடவையாக ஓட்டினேன். ஆறு வருடத்துக்கு முன் கழிச்சலில் செத்த ஒரு கன்றின் மாதிரி. மூன்று நாள்தான் உயிரோடு இருந்தது அது. வெள்ளிச் சாயம் ஏற ஏற, பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மேலே நாலு, அப்புறம் இரண்டு, நெருக்கி மூன்று, அடியில் இரண்டு. குடலைத் தாக்கிக் கழிச்சலைத் தரும் ரோட்டா வைரஸின் மரபுப் பொருளான பதினோரு ஆர்.என்.ஏ. துண்டுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்று அழுதேன்.

இதற்கு முதல் காரணம் எங்கள் இரவுக் காவலர் அண்ணன்.

அலாரம் கேட்டு எங்களுக்கு போன் செய்தது அவர்தான். அதோடு நிற்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து ஃப்ரீசர் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஓடி வந்ததும் செய்யப் போன முதல் காரியம் கதவைத் திறப்பது. “திறக்காதீங்கம்மா, மூடியே இருந்தா குளிர் நிக்கும்” என்றார். இத்தனை வருடம் படித்த எனக்கு அந்தப் பதற்றத்தில் அது தோன்றவில்லை.

அவர் கையில் வாசல் பதிவேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை, பேட்டரியில் எரிந்துகொண்டிருந்த திரையைப் பார்த்து எழுதியிருக்கிறார். 79, 77, 74, 71. எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள செல்சியஸ் டிகிரிகள். கழித்தல் குறி இல்லை, நேரம் மட்டும் பக்கத்தில் சுத்தமாக இருந்தது. குளிரைத் தக்கவைக்கும் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வந்து சேர்ந்தபோது கடைசி எண் 61. யாரும் அவரிடம் எழுதச் சொல்லவில்லை.

அந்தத் தாள் இல்லையென்றால் மாதிரிகள் கையில் இருந்தும் பயனில்லாமல் போயிருக்கும். ரோட்டா வைரஸ் கொஞ்சம் தாங்கும். பன்றிக்குட்டிகளின் குடலைத் தாக்கும் கொரோனா வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை உண்டு. உருகி மறுபடி உறைந்தால் அந்த உறை சிதைந்து, தொற்றும் திறன் சரிந்துவிடும். எது உருகியது, எது உருகவில்லை என்று தெரியாமல் எந்த முடிவை நம்புவது? இப்போது தெரியும், எதுவும் உருகவில்லை.

நள்ளிரவில் உலர்பனி கொண்டு வந்தவர்கள், தங்கள் ஃப்ரீசரில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து கொடுத்த பக்கத்து ஆய்வகத்தினர், மின்பணியாளர், விரல் மரத்துப்போகக் குழாய்களை அடுக்கிய மாணவர்கள், மறுநாள் பண்ணைக்காரர்களிடம் பொறுமையாகப் பேசிய கால்நடை மருத்துவர் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

1969-இல் மீபஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் கன்றுகளின் கழிச்சலில் ரோட்டா வைரஸைக் காட்டினார்கள். குழந்தைகளின் குடலில் ஆய்வாளர் ரூத் பிஷப் குழுவினர் கண்டது 1973-இல். இன்று குழந்தைகளுக்கு வாய்வழி கொடுக்கும் தடுப்பு மருந்துகளில் சில, ஒரு கன்றிலிருந்து எடுத்த வைரஸை அடித்தளமாகக் கொண்டவைதான். அதனால்தான் அந்தப் பெட்டியிலுள்ள ஒவ்வொரு குழாயும் எனக்கு ஒரு கன்றாகவே தெரிகிறது. சீம்பால் குடிக்கக்கூட எழுந்து நிற்க முடியாமல் போன கன்றுகள் அவை. அவற்றை இன்னொரு தடவை இழக்க மாட்டேன். இனி ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கும். மாதிரி கொடுத்த பண்ணைக்காரர்களிடம் முடிவை நானே நேரில் போய்ச் சொல்வேன்.

காவலர் அண்ணன் நேற்றிரவும் வாசலில் கேட்டார், “கன்னுக்குட்டி சாமானெல்லாம் நல்லா இருக்காம்மா?” என்று. நாளை அவர் வேலைக்கு வந்ததும் உள்ளே அழைத்துப் போய் அந்தப் பதினோரு கோடுகளையும் காட்டப் போகிறேன்.