நினைவஞ்சலிப் படங்களில் முகம் கறுப்பது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நினைவஞ்சலி விளம்பரங்களில் பல முகங்கள் கரி பூசியதுபோல் வருகின்றன. கண்ணும் புருவமும் ஒட்டிக்கொள்கின்றன. தலைமுடி பின்னணியில் கரைந்துவிடுகிறது. வீட்டார் அச்சகத்தைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் படம் அச்சகத்துக்குப் போகுமுன், கணினியிலேயே கெட்டுவிடுகிறது.

செய்தித்தாள் மையை உறிஞ்சும். படம் சின்னச் சின்ன மைப்புள்ளிகளாகத்தான் அச்சாகிறது. பாதி இடத்தை (50 சதவீதம்) மூட வேண்டிய புள்ளி அச்சில் சுமார் 76 சதவீதமாகப் பரவும் என்றுதான் செய்தித்தாள் அச்சுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 12647-3 கணக்கு வைக்கிறது. திரையில் மாநிறமாகத் தெரியும் கன்னம் தாளில் கறுத்துவிடும். இது தெரியாமல், ‘எடுப்பாக இருக்கட்டும்’ என்று கான்ட்ராஸ்ட்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டுவதுதான் வினை.

பழுப்பேறிய பழைய படம் கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் (வெறும் சாம்பல் சாயல்களில்) ஸ்கேன் செய்யக் கூடாது. வண்ணத்தில், நுண்ணிய சாயல்களையும் காக்கும் 16 பிட்டில், சிறிய படமென்றால் 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுக்க வேண்டும். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற அடுக்குகள், அதாவது சேனல்கள், இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில் அழுத்தமாகவும் சிவப்புச் சேனலில் மிக லேசாகவும் பதியும். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டால் கறையில் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போதும் இதே வழி உதவும்; எந்தச் சேனல் எவ்வளவு என்று கலக்கும் ‘சேனல் மிக்ஸர்’ கருவி படத்திருத்த மென்பொருளில் இருக்கிறது: சிவப்பைக் கூட்டினால் தோல் தெளியும், நீலத்தைக் கூட்டினால் தழும்பும் புள்ளியும் மேலே வரும். சிவப்பை அளவுக்கு மீறி ஏற்றினால் உதடும் குங்குமமும் வெளுத்து மறைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, வெளிச்சத்தைக் கோடு வளைத்து மாற்றும் கர்வ்ஸ் கருவி. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் நடுப்புள்ளி 128-ஐ 150 வரை உயர்த்துங்கள். திரையில் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். கடைசியாக லெவல்ஸ் கருவியில் வெளியீட்டு அளவைக் கறுப்புக்கு 25, வெள்ளைக்கு 242 என்று கட்டிவிட்டால் முடி கறுப்புப் பட்டையாகாது, வெள்ளை வேட்டியிலும் மடிப்பு தெரியும். கண்ணைச் சுற்றி மட்டும் வெளிச்சம் தேவையென்றால் தடவிய இடத்தை வெளுப்பாக்கும் டாட்ஜ் கருவியை 5 சதவீதத்தில் வைத்துப் பல முறை தடவுவது நல்லது. ஒரே இழுப்பில் செய்தால் கண்ணாடி போட்டதுபோல் வளையம் விழும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை எவ்வளவு திருத்தினாலும் கட்டம் கட்டமாக உடையும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சில நாளிதழ்களின் அச்சுப் பிரிவே புள்ளிப் பரவலைக் கணக்கிட்டுப் படத்தை வெளுப்பாக்கிவிடுகிறது. அப்படியிருக்க நாங்களும் நடுப்புள்ளியை ஏற்றி அனுப்பினால் முகம் சாம்பல் பூத்துவிடும். தங்கள் அலுவலகத்தில் எது வழக்கம் என்று விளம்பரப் படிவத்தில் ஒரே ஒரு வரி அச்சிட்டால் போதும்.

– அச்சுக்குப் படம் தயாரிப்பவர், திருச்சி