சனிக்கிழமை வெண்ணெய் குலுக்க வாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரிகன் பாதை பற்றிப் படிக்கிறார்கள், 1840களில் அமெரிக்காவின் மிசூரியிலிருந்து மேற்கே ஒரிகனில் குடியேற மாட்டு வண்டியில் சுமார் 3,200 கி.மீ. போன குடும்பங்களின் கதை. படித்ததைக் கையால் செய்தும் பார்க்கட்டுமே என்று ஒரு மதியம் கூடுகிறோம்.

அக்டோபர் 18, சனிக்கிழமை, மதியம் 2 முதல் 5 வரை, பூங்கா கொட்டகையில்.

1. குழந்தைக்கு ஒரு மூடி போட்ட கண்ணாடி பாட்டில், அரை கப் ஹெவி விப்பிங் கிரீம். கால் மணி நேரம் விடாமல் குலுக்கினால் வெண்ணெய் திரளும். அன்று பாலேட்டை வண்டியில் தொங்கவிடுவார்களாம், குலுங்கிக் குலுங்கியே சாயங்காலம் வெண்ணெய் தயார். நமக்குக் கைதான் வலிக்கும்.
2. கார்ன் பிரெட் இரண்டு வீட்டார் செய்யுங்கள். முட்டை சேர்க்காமல் ஒரு தட்டு தனியாக வேண்டும்.
3. சோளத்தோல் பொம்மைக்குக் காய்ந்த தோலை நான் ஊறவைத்து எடுத்து வருகிறேன். இது பூர்வகுடி மக்களின் கலை, அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே தொடங்குவோம். குடியேறியவர்கள் போய் இறங்கியது யாருடைய நிலம் என்ற பேச்சும் அப்போதே வந்துவிடும்.
4. தாத்தா பாட்டிகளை அவசியம் கூட்டி வாருங்கள். சமவெளியில் விறகு கிடைக்காமல் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை எரித்துச் சமைத்தார்கள் என்றதும் என் மாமியார், "நம்ம வரட்டிதானே!" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அந்தக் கதைகளும் வேண்டும்.
5. பால் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எத்தனை பேர், யார் கார்ன் பிரெட் என்று புதன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் எனக்குக் கணக்கு வராது.