தடுப்பூசிச் செய்தி சரி, கிணற்று நுளம்பைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேரியாத் தடுப்பூசி பற்றி நீங்கள் போட்ட செய்தியை வாசித்தேன். நல்ல செய்திதான். 2023இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது, அதில் பெரும்பாலானவர்கள் ஆப்பிரிக்காவின் சின்னப் பிள்ளைகள், அப்படியிருக்க ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமும் புனேயிலுள்ள சீரம் நிறுவனமும் கொண்டுவந்த ஆர்21 என்ற மலேரியா ஊசிக்கு அதே வருடம் ஒக்டோபரில் அந்த நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் செய்தியை வாசித்த சிலர் இங்கே "அப்ப இனிப் பயமில்லை" என்று பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஊசி பல்சிபாரம் என்ற மலேரியாக் கிருமிக்கு எதிரானது. எங்கள் இலங்கையில் அந்தக் காலத்தில் அதிகம் பரவியது வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியாக் கிருமி. அது ஈரலுக்குள் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடந்து, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்திருக்கும்போது திரும்ப வரும். இரத்தத்திலுள்ள கிருமிக்கு ஒரு மருந்து, ஈரலில் ஒளிந்திருப்பதற்கு 14 நாள் பிறிமாக்குவின் என்று வைத்தியம் செய்ய வேண்டியது. ஆகவே ஆப்பிரிக்காவின் ஊசி எங்களுக்கும் காவல் என்று யாரும் எண்ண வேண்டாம்.

திருகோணமலையில் ஐம்பது வயது தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோக்குவின் மாத்திரையின் கசப்பை இன்னும் சொல்வார்கள். மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அப்போது மலேரியா வராத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 1999இல்கூட நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது. யுத்தத்துக்கு நடுவிலும் இரத்தம் எடுத்து, சுவருக்கு மருந்தடித்து, நுளம்பு வலை கொடுத்து இதைக் குறைத்தார்களே, அந்தக் களப் பணியாளர்களுக்கு நாங்கள் சரியாக நன்றி சொன்னதே இல்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

சரி, இதே மாதிரி ஒரு சந்தோஷம் முன்னரும் வந்தது. 1963இல் நாடு முழுவதும் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். மருந்தடிப்பதைக் குறைத்தார்கள். 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆறே வருடம்!

இப்போது ஆய்வாளர்கள் அதிகம் கவலைப்படுவது மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பைப் பற்றி. பழைய மலேரியா நுளம்பு ஆற்று மணல் குழியிலும் ஓடை நீரிலும் பெருகியது, இது அப்படியில்லை, நகரத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும், பல பூச்சிமருந்துகளுக்கும் அசையாது. சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் கடைசியில் மன்னாரில் அகப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் ஜிபூட்டி என்றொரு துறைமுக நாடு. 2012இல் அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர்தான், அந்த வருடம்தான் இந்த நுளம்பும் அங்கே முதன்முதலாகப் பிடிபட்டது, 2020இல் எண்ணிக்கை 73 ஆயிரத்தைத் தாண்டியது. நாங்களும் துறைமுக ஊர்க்காரர்தான். கப்பலும் வருகிறது, வெளிநாட்டுக்காரரும் வருகிறார்கள், எங்கள் பிள்ளைகளும் வேலைக்கு வெளியே போய் வருகிறார்கள்.

கிண்ணியாவில் 2017இல் டெங்கு ஆடிய ஆட்டம் யாருக்கும் மறந்திருக்காது. அது வேறு நுளம்பு என்றாலும் பெருகும் இடம் ஒன்றுதான்: மூடாத தாங்கி, பாவிக்காத கிணறு. டெங்கு நுளம்பு உவர் தண்ணீரிலும் வளரும் என்று 2011இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள், கரையில் கைவிட்ட மீன்பிடிப் படகுகளில் தேங்கிய நீரிலும் குடம்பிகள், அதாவது நுளம்பின் புழுக்கள், இருந்தன. எங்கள் கரையோரத்தில் அப்படி எத்தனை படகுகள் கிடக்கின்றன? டெங்குக்கு வீடு வீடாகப் பார்க்க வருகிற பி.எச்.ஐ. மாருக்கு, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு, கிணற்றையும் எட்டிப் பார்த்து அனோபிலிஸ் குடம்பி இருக்கிறதா என்று சோதிக்க ஆளும் நேரமும் கொடுத்தால் ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும்.

இன்னொன்று. காய்ச்சல் என்றதும் இப்போது எல்லோரும் டெங்குப் பரிசோதனைக்குத்தான் ஓடுகிறோம். அது தேவைதான். ஆனால் ஆப்பிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய்வந்த ஆளென்றால் அதை வைத்தியரிடம் தானாகவே சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கக் கேட்க வேண்டும். இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியையும் கண்டிருக்க மாட்டார்கள், அது அவர்கள் குற்றமில்லை. பல்சிபாரம் என்றால் ஒரு சில நாள் பிந்தினாலே உயிர் போகலாம். ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு அரசின் மலேரியா தடை இயக்கம் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறது, புறப்பட முன்னரே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன காலம் வரை விழுங்க வேண்டும். இது தெரியாமலே எத்தனை பேர் விமானம் ஏறுகிறார்கள்!

ஆகவே ஒரு வேண்டுகோள். மாரி தொடங்குவதற்கு முன்னர், ஸ்டெபென்சி குடம்பி தண்ணீரில் எப்படிக் கிடக்கும் என்று படத்தோடு ஒரு பக்கம் போடுங்கள். டெங்குக் குடம்பி தலைகீழாகத் தொங்கும், அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். படத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வீட்டுக் கிணற்றில் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர், திருகோணமலை