கேட்பதற்கு ஆள் வேண்டும்: மீன்வளத் துறைக்கும் வானிலைத் துறைக்கும் கடலோரக் காவல்படைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்ட திட்டத்தின்படி, நாட்டின் கடலோரம் முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர், அதாவது படகின் இருப்பிடத்தைத் தெரிவித்துச் செய்தியும் கடத்தும் கருவி, பொருத்தப்படுகிறது. 364 கோடி ரூபாய்த் திட்டம். மீனவர் கையிலிருந்து ஒரு பைசா தர வேண்டியதில்லை. செல்போன் கோபுரம் எட்டாத கடலிலிருந்தும் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். இதை மனதார வரவேற்கிறேன். எங்கள் கடற்கரை பல காலமாகக் கேட்டு நின்ற உதவி இது.

வணிகக் கப்பலில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்த மடல். ராத்திரி இரண்டு மணிக்கு, கரையிலிருந்து முந்நூறு மைலுக்கு அப்பால் நிற்கும் படகிலிருந்து ஒரு செய்தி வந்தால், அதைப் படித்து, புரிந்துகொண்டு, உடனே பதில் சொல்ல யார் விழித்திருப்பார்?

கடலில் வயர்லெஸ் வந்த வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து புறப்பட்ட சமிக்ஞையை அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அடுத்த பத்தாண்டுகளில் பெரிய பயணிகள் கப்பல்கள் பலவற்றில் கருவி ஏறிவிட்டது. ஆபத்துக் குறியாக எஸ்.ஓ.எஸ். 1906-இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டு, 1908 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. கருவி இருந்தது, குறியும் இருந்தது. இருந்தும் 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபோது என்ன நடந்தது? அருகில் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலில் ஒரே ஒரு ரேடியோ ஆபரேட்டர். பகல் முழுக்க வேலை பார்த்த களைப்பில், சுமார் பதினொன்றரை மணிக்குக் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். டைட்டானிக் மோதியது 11.40-க்கு. அதைவிட வெகு தொலைவில் இருந்த கார்பதியாவின் ஆபரேட்டர் தற்செயலாக இன்னும் படுக்காமல் இருந்தார். அவர் காதில் விழுந்ததால் எழுநூறுக்கு மேற்பட்டோர் பிழைத்தார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

அதன் பிறகு உலக நாடுகள் கூடி 1914 ஜனவரியில் கையெழுத்திட்ட கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் ரேடியோ காவல் வேண்டும் என்றது. அது காது கொடுக்கும் ஆளைப் பற்றிய சட்டம்.

எங்கள் ரேடியோ அறையில் தொங்கிய கடிகாரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் முகத்தில் இரண்டு சிவப்புத் துண்டுகள் தீட்டியிருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15-ஆவது நிமிடத்திலிருந்து 18 வரையிலும், 45-லிருந்து 48 வரையிலும். அந்த மும்மூன்று நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸில் எந்தக் கப்பலும் எந்தக் கரை நிலையமும் மோர்ஸ் தட்டும் சாவியைத் தொடக்கூடாது. மௌனமாக இருந்து கேட்க வேண்டும். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்னக் கப்பலின் மங்கிய குரல், மற்றவர் பேச்சில் அமுங்கிப்போகக் கூடாது என்பதற்காக. குரல் வழிப் பேச்சுக்கு உரிய 2182 கிலோஹெர்ட்ஸிலும் மணியின் தொடக்கத்தில் மூன்று நிமிடம், அரை மணியில் மூன்று நிமிடம் இதே விதி. உலகின் கடல்கள் எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு இருமுறை வாய்மூடிக் காது கொடுத்தன. மனிதர் வகுத்த தகவல் தொடர்பு விதிகளில் இதைவிடக் கண்ணியமான ஒன்றை நான் அறியேன்.

1999 பிப்ரவரி முதல், கடலில் ஆபத்துச் செய்தி அனுப்ப உலகளாவிய புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவியும் வந்தன, மோர்ஸ் போனது, எங்கள் உத்தியோகமும் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் ஒரு மிதவைக் கருவி, எந்த மனிதக் காதைவிடவும் நம்பத்தகுந்தது. ஆனால் அந்த ஏற்பாடு 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும், நாடுவிட்டு நாடு போகும் பயணிகள் கப்பல்களுக்கும்தான். மீன்பிடிப் படகுகளை அந்தக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே வெளியே நிறுத்தியது. ஒரு நூற்றாண்டில் கடல் கற்ற பாடம், கடலை நம்பிப் பிழைப்பவரை வந்து சேரவே இல்லை.

அதன் விலையை நாங்கள் 2017-இல் கொடுத்தோம். நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் முற்பகலில் அது குமரிக் கடலில் ஒக்கி புயல். இடையில் ஒரே ஒரு நாள். கடலுக்குப் போகாதீர்கள் என்ற அறிவிப்பு, ஏற்கெனவே கடலில் இருந்தவருக்கு என்ன செய்யும்? தூத்தூர், சின்னத்துறை, இரயுமன்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய எங்கள் குமரி மாவட்ட ஊர்களின் ஆட்கள் தங்கு கடலுக்குப் போகிறவர்கள். சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் அரபிக்கடலின் ஆழத்தில் கிடப்பவர்கள். அவர்களிடம் இருந்தது, குறுகிய தூரம் மட்டுமே எட்டும் வி.எச்.எஃப். வயர்லெஸ். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்களை இழந்தன. பலருடைய உடல்கூட வரவில்லை.

வி.எச்.எஃப். அலை ஏன் எட்டவில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லும். அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலை. பூமி வளைகிறது, அலை வளைவதில்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். படகின் கம்பம் நான்கு மீட்டர் என்றால் எட்டு கிலோமீட்டர். இரண்டு படகுகளுக்கு இடையே பதினாறு. கரையில் நூறு மீட்டர் கோபுரமே கட்டினாலும் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது. படகுக்குப் படகு செய்தி கடத்தித்தான் எங்கள் பிள்ளைகள் தூரம் கடக்கிறார்கள். நடுவில் ஒரு படகு இல்லாவிட்டால் சங்கிலி அறுந்தது.

சிற்றலை அப்படியல்ல. வானில் வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் முட்டித் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். மத்திய அலைக்கோ உப்புத் தண்ணீரே நல்ல கடத்தி. தரையில் சீக்கிரம் தேய்ந்துபோகும் அந்த அலை, கடல்மேல் பரவி வெகு தூரம் செல்லும். ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோ போதும், கட்டணம் இல்லை, சிம் கார்டு இல்லை. இன்று நாடெங்கும் மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பண்பலைக்கு மாற்றப்படுகின்றன. பண்பலையும் வி.எச்.எஃப். இனம்தான். நகரத்துக் காதுக்கு அது இனிமை, ஆழ்கடலுக்கு அது எட்டாது. ஒலிபரப்புத் துறையின் கணக்குப் புத்தகத்தில் நேயர் எண்ணிக்கை குறைந்த நிலையமாகத் தெரிவது, புயல் நாளில் படகுகளுக்கு எட்டும் கடைசிக் குரலாக இருக்கக்கூடும் என்பதை வானிலைத் துறைதான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கடனை நினைவுபடுத்துவது என் கடமை. அயனி மண்டலத்தைப் பற்றி இந்தியா கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு ஒரு மீனவ ஊரின் மணலில் நின்று கற்றது. பூமியின் காந்த நடுக்கோடு, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ஒட்டிச் சென்றது. அந்தக் கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், வானில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை ஆராய விக்ரம் சாராபாய் இடம் கேட்டபோது, அங்கே இருந்தது புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் மீனவர் வீடுகளும். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவின் சொல் கேட்டு, மக்கள் தங்கள் கோயிலையும் குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. நான் மேலே சொன்ன எட்டு ஊர்களும் அதே திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இந்திய விண்வெளித் திட்டத்துக்கு முதல் இடம் கொடுத்தவர்களின் உறவுகள்தாம் 2017-இல் ஒரு செய்திகூட வராமல் தண்ணீரில் கிடந்தவர்கள்.

அந்த ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானத்தில், சூரியன் மறைந்த பிறகு சில இரவுகளில் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும். அவை சிற்றலையையும் குலைக்கும், செயற்கைக்கோள் சமிக்ஞையையும் தடுமாற வைக்கும். ஆகவே ஒரே வழியை நம்பி மற்ற வழிகளை மூடுவது எங்கள் கடலுக்குப் பொருந்தாது. டிரான்ஸ்பாண்டரும் வேண்டும், மத்திய அலையும் வேண்டும், தங்கு கடல் படகுகளுக்குச் சிற்றலைப் பெட்டியும் வேண்டும்.

கேட்கப்பட்டது என்று தெரிவதே பாதி உயிர். இஸ்ரோவின் பழைய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருந்தது. நல்ல கருவி. ஆனால் பொத்தானை அழுத்தியவருக்குத் தன் கூக்குரல் போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் "பெற்றுக்கொண்டோம்" என்ற பதில் சமிக்ஞை வந்தது. அதை வடிவமைத்தவருக்குக் கடலின் மனம் தெரிந்திருக்கிறது. அடுத்த படியை நீங்கள் எடுக்க வேண்டும். அந்தப் பதில் இயந்திரத்திலிருந்து மட்டும் வந்தால் போதாது.

நல்லவாடு என்ற ஊரை நீங்கள் மறந்திருக்கக் கூடாது. புதுச்சேரியை அடுத்த கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் இந்தியப் பெருங்கடலுக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கவில்லை. ஹைதராபாத்தில் அது 2007-இல்தான் வந்தது. அன்று அந்த ஊரைக் காப்பாற்றியது சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் ஒருவர் செய்த போன். சுமாத்ரா நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து அவர் வீட்டுக்கு அழைத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில், எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஓர் உயிர் போகவில்லை. பக்கத்து வீராம்பட்டினத்தில் அதே நிறுவனம் அதற்கு முன்பிருந்தே, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, தினமும் கரையில் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லி வந்தது. வல்லரசின் கடற்படைக்காகக் கணித்த தகவல், கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவருக்குப் பயன்பட்டது. நடுவில் நின்றது ஒரு கணினியும், அதை வாசித்துச் சொன்ன ஊர்க்காரரும்.

நான் கேட்பது அப்படிப்பட்ட ஆட்களை. தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம், தூத்துக்குடி, இராமேசுவரம், நாகப்பட்டினம் என்று துறைமுகத்துக்கு ஒரு வயர்லெஸ் அறை. அதில் இருபத்து நான்கு மணி நேரமும் முறை வைத்து ஆட்கள். அந்தந்த ஊர்ப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுங்கள், ஆண் பெண் இருபாலரையும். படகுக்காரன் பதற்றத்தில் பேசும் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்ள அவர்களால்தான் முடியும். கொண்டல் காற்று திரும்பிவிட்டது, நீவாடு (கடல் நீரோட்டம்) மாறிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அதுவே வானிலைத் துறைக்கு ஒரு தகவல். கடலில் உங்களுக்கு மிதவைகள் குறைவு. கண்ணும் அனுபவமும் உள்ள மனிதர்களோ ஆயிரக்கணக்கில் அங்கே மிதக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய இதுவரை யாரும் இல்லை.

எச்சரிக்கையின் உள்ளடக்கமும் மாற வேண்டும். மூன்று நாள் ஓட்ட தூரத்தில் நிற்கும் படகிடம் "கரை திரும்புக" என்று சொல்வது, சில நேரம் புயலின் வாய்க்குள் போகச் சொல்வதாகிவிடும். நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது நகரும் திசைக்கு வலப்பக்கம் சுழற்சி வேகத்தோடு நகரும் வேகமும் சேரும், காற்று கடுமையாக இருக்கும். இடப்பக்கம் ஒப்பீட்டளவில் தப்பிக்க வழியுண்டு. கப்பல் மாலுமிகள் அனைவரும் படித்த பாடம் இது. டிரான்ஸ்பாண்டர் வந்துவிட்டதால் எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று இப்போது உங்கள் திரையில் தெரிகிறது. எனவே எல்லாருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பாமல், "உங்கள் படகு இன்ன இடத்தில், புயல் இன்ன திசையில், நீங்கள் இந்தப் பக்கம் ஓடுங்கள், இத்தனை மணி நேரம் இருக்கிறது" என்று சொல்ல முடியும். சொல்ல முடிந்ததைச் சொல்லாமல் விடுவது பெரும் பிழையாகும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். ஒரு லட்சம் கருவிக்குச் செலவிட்ட நாடு, துறைமுகத்துக்குப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். கருவி ஒருமுறை வாங்குவது, ஆள் மாதாமாதம் என்பது உண்மை. கலிஃபோர்னியனில் இரண்டாவது ஆபரேட்டர் இல்லாததற்கும் அதே கணக்குத்தான் காரணம்.

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-இல் முடிகிறது. படகுகள் இறங்கிய முதல் மாதத்திலேயே, முன்னறிவிப்பு இல்லாத ஓர் இரவில், தங்கு கடல் படகுகளிலிருந்து சோதனைச் செய்திகள் அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை செய்திகள் வந்தன, எத்தனைக்கு மனிதர் பதில் சொன்னார், எத்தனை நிமிடத்தில் சொன்னார் என்பதை ஊர் ஊராகத் துறைமுக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்தத் தாளை வைத்து நாம் மேற்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ அலுவலர்,
கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கடற்கரை